ஐஸ் பெட்டிக்குள் என் மடிக்கணினி

அம்மா ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். சங்கராவும் வஞ்சிரமும் கிடக்க வேண்டிய இடத்தில் என் மடிக்கணினி கிடந்தது.

கீழே ஒரு அடுக்கு உடைத்த ஐஸ். நடுவில், வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிச்சிட்ட மடிக்கணினி. அதன் மேல் இன்னொரு அடுக்கு ஐஸ். ஓரங்களில் சாக்குத் துணி. கல்யாண வீட்டுக்குப் போகிற மீனைக்கூட அம்மா இத்தனை பதமாக அடுக்கி நான் பார்த்ததில்லை.

"என்னாடி வூட்டையே பொரட்டிப் போட்டிருக்க? இதத்தான் தேடுனியா? பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

கரைக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அன்னக்கூடையை இறக்கி வைத்த கையோடு பெட்டியைத் திறந்திருந்தாள். யாரும் சொல்லாமல் தானாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

நான் பையைப் பிரித்தேன். மூடியில் ஒட்டியிருந்த அரசாங்கக் கோபுர முத்திரை முழுக்க வியர்த்திருந்தது. லேசாகச் சாய்த்தேன். எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் சொட்டியது. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அடியில் கெளுத்தி முள் குத்திய ஓட்டை ஒன்று.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை மதியம் சிதம்பரத்தில் என் கல்லூரியில் கடைசி வருட ஆய்வறிக்கையைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வில் உட்கார வேண்டும். அறிக்கை முழுவதும் அந்தக் கணினிக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

மடியில் வந்த கணினி

போன வாரம் இந்தத் தொடரில், பள்ளியில் கொடுத்த சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சைக்கிள் இப்போது எங்கே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மாமா ஒருவர் அவசரத்துக்கு இரவல் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.

மடிக்கணினி அப்படிப் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, கறுப்புப் பையோடு கொடுத்தார்கள். கடலூர் பழைய டவுன் போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும் இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

சிங்காரத்தோப்பில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கணினிகளில் அதுவும் ஒன்று. என் பெயரில் கொடுத்தார்களே ஒழிய, அது தெருவுக்கே சொந்தமாகிவிட்டது. யாருக்கோ ஹால் டிக்கெட், யாருக்கோ சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், யாருக்கோ மாப்பிள்ளை போட்டோ. ஒரு பெண்ணுக்குப் பார்த்த வரனின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டப்போய், மூக்கு பிடிக்கவில்லை என்று அந்தச் சம்பந்தமே நின்றுபோனது. அந்தப் பாவம் என்னைச் சேர்ந்ததா, அரசாங்கத்தைச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். சாயங்காலமானால், "காத்து நாளைக்கு எந்தப் பக்கம் அடிக்கும்னு பாரு" என்பார். நான் பார்த்துச் சொல்வேன். நம்பாமல் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து, "ஒன் பொட்டி சொல்றது சரிதான்" என்று அதற்குச் சான்றிதழ் கொடுப்பார்.

அம்மா மட்டும் அதன் பக்கத்தில் அதிகம் வந்ததில்லை. ஒரே ஒரு முறை அவளே அதைச் சுமந்தாள். தேர்வுக்கு முன்னால் எல்லோரும் திருவந்திபுரம் மலைமேல் ஹயக்ரீவர் சன்னிதியில் பேனாவை வைத்து வாங்குவார்கள். அம்மா மடிக்கணினியையே பையோடு தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். "பேனாவுல எங்க எழுதுற நீ? எல்லாத்தையும் இதுலதான தட்டுற" என்றாள். பட்டர் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு துளசியைப் பையின் மேல் வைத்துக் கொடுத்தார்.

சூட்டுக்கு மருந்து

கல்லூரிக்குத் தினமும் சிதம்பரம் போய் வந்தேன். பஸ்ஸின் ஆட்டத்திலும் எங்கள் ஊர் உப்புக் காற்றிலும் மூன்று வருடம் கணினி தாக்குப் பிடித்ததே பெரிது. கடைசி வருடத்தில் சூடாக ஆரம்பித்தது. தட்டிக்கொண்டிருக்கும்போதே தொடை சுடும். உள்ளே ஏதோ முனகும்.

மேலவீதியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். அவர் காதோரம் வைத்துக் கேட்டார்.

"உள்ள இருக்கிற ஃபேன் போயிடுச்சுமா. புதுசு வரவழைக்கணும், ரெண்டு மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் ஜாஸ்தி நேரம் ஓட்டாத. சூடு ஏறுச்சின்னா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்."

அதை அப்படியே வீட்டில் சோறு தின்னும்போது சொன்னேன். "மூணு வருசப் படிப்பு அதுக்குள்ளதான் கெடக்கு. சூடு மட்டும் ஆவக்கூடாது" என்று புலம்பினேன். அம்மா கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தட்டி முடித்து, சார்ஜில் போட்டபடி அணைக்காமல் தூங்கிவிட்டேன். விடியலில் கரைக்குக் கிளம்பிய அம்மா அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கொதித்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, மூடி, பையில் போட்டு, ஐஸுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் புழங்கிய உலகத்தில், சூட்டால் கெடுகிற பொருளுக்கு அந்த ஒரு மருந்துதான். தண்ணீர் படக்கூடாது என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பை. அந்தக் கெளுத்தி முள்ளை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் இன்று நிதானமாக எழுத முடிகிறது. அன்று அந்த நிதானம் எனக்கு இல்லை.

நான் சொன்னது

என் ஆய்வின் தலைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடலூர்க் கரையோரத்தில் மீன் விற்கும் பெண்கள் மீனைக் கெடாமல் வைக்கும் முறைகள். விலங்கியல் துறை. எங்கும் அலைய வேண்டாம் என்று நானாகத் தேர்ந்தெடுத்த தலைப்பு. அம்மா மீன் கழுவிக்கொண்டே சொல்வாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவேன். எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், செவுளை எப்போது எடுப்பது, எதை உப்பில் போடலாம், எதைப் போடக்கூடாது, எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவை. நான் அவற்றுக்கு அட்டவணைக் கோடு போட்டேன்.

முதல் பக்கத்துக்குப் படம் வேண்டும் என்று ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் சொன்னார். அம்மா ஐஸ் உடைக்கும்போது செல்போனில் ஒன்று எடுத்து, முகம் வராமல் கைகள் மட்டும் தெரியும்படி வெட்டி ஒட்டியிருந்தேன். அதை அவளிடம் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த அம்மாவைப் பார்த்துத்தான் சனிக்கிழமை காலை, சொட்டுகிற கணினியைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

"ஒன்ன யாரு இதத் தொடச் சொன்னது? மீன் நாத்தம் புடிச்ச கையால இத ஏன் தொட்ட? மீனத் தவுர ஒனக்கு என்னம்மா தெரியும்?"

வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனை வாரமாக என் வீரதீரங்களை எல்லாம் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் அது நேர்மையில்லை.

மேல்காற்று

பாய்க்குப் போன் போட்டேன். அவர் தங்கை மகள் கல்யாணத்துக்காக மங்கலம்பேட்டையில் இருந்தார். பின்னால் ஒரே சத்தம்.

"ஆன் பண்ணாத. எந்தக் காரணத்துக்கும் ஆன் பண்ணாத" என்றார். "பேட்டரியக் கழட்டு. நல்லாக் காய வை. ஒரு பொட்டு ஈரம் இருக்கும்போது ஆன் பண்ணாலும் அவ்வளவுதான். நான் செவ்வாக்கெழமதான் கடை தொறப்பேன்."

செவ்வாய்க்கிழமை எனக்கு எதற்கு? அழுதுகொண்டே பேட்டரியைக் கழற்றினேன். அப்பா படகு எஞ்சின் பெட்டியிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து வந்து, மூச்சுவிடாமல் அடிப்பக்கத் தகட்டைப் பிரித்துக் கொடுத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மணலுக்கு ஓடினேன்.

"வெயில்ல போடாத."

அம்மா வாசலில் நின்றாள். நான் கத்திய பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"வெயில்ல போட்டா மேல காஞ்சிடும், உள்ள ஈரம் நின்னுடும். அப்பறம் எத்தினி நாளு போட்டாலும் போவாது. நெழல்ல போடணும். கீழயும் மேலயும் காத்து போவணும்."

கருவாடு காயப் போடுவதற்காகக் கொட்டகைக்குள் நான்கு கழி நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டியிருப்போம். அதிலிருந்த கருவாட்டை எல்லாம் வாரிக் கூடையில் போட்டாள். வலையைத் தட்டிச் சுத்தம் செய்து, மேலே வெள்ளைத் துணி விரித்தாள். கணினியைப் பாதி திறந்து, கூரை மாதிரிக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். பக்கத்தில் ஒரு குச்சியோடு உட்கார்ந்துகொண்டாள், காக்கைக்காக.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டாள். மதியம் தாண்டிக் கடலிலிருந்து காற்று திரும்பியதும் சட்டென்று எழுந்து, "உள்ள எடுத்துப் போயிடு" என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"கடக்காத்துல உப்பும் ஈரமும் சேந்து வரும். காலையில மேக்கேருந்து அடிக்கிது பாரு மேக்காத்து, அதுலதான் காயும்."

நாள் முழுக்க வெளியே போட்டால் சீக்கிரம் காயும் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா காலையில் மட்டும் வெளியே வைத்தாள். மற்ற நேரம் வீட்டுக்குள், அடுப்பு மூட்டாத அறையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த இரண்டு நாளும் அவள் தெருவுக்கு மீன் கொண்டுபோகவில்லை. சனிக்கிழமை எடுத்து வந்த மீனை அக்கம்பக்கத்தில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் வாடிக்கைக்காரர்கள் காத்திருந்திருப்பார்கள். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஞாயிறு காலையில்தான் நான் கவனித்தேன். கணினியைத் திருப்பும்போதெல்லாம் அம்மா இரண்டு கையிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டாள். தூசி படாமல் இருக்க என்று முதலில் நினைத்தேன். ஒரு திருகாணி துணியின் ஓரத்தில் நழுவி, வலைக் கண்ணில் விழுந்து தொங்கியது. துணி சுற்றிய விரலால் அதை எடுக்க வரவில்லை.

"கலை, இங்க வா. இத நீயே எடு" என்று கூப்பிட்டாள். "என் கையி வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கூடையில் பெரிய மீனைப் பக்கத்தில் தள்ளி வைக்கச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. நான் குனிந்து திருகாணியை எடுத்தேன். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை. மனஸ்தாபம் தீர்ந்தது என்றால், குழம்பிலிருந்து நடுத்துண்டு நம் தட்டில் விழும். சமைக்கிறவளுக்கு எதிலிருந்து நடுத்துண்டு எடுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரத்தில்

திங்கட்கிழமை வெளிச்சம் வந்ததும் அம்மா கணினியின் மேல் குனிந்து மூச்சை இழுத்து முகர்ந்தாள். பக்கவாட்டில் ஒரு முறை, அடியில் ஒரு முறை. கருவாட்டை அப்படித்தான் பார்ப்பாள்.

"காஞ்சிடுச்சி. வாசன மாறிடுச்சி. இப்பப் போட்டுப் பாரு."

தகட்டை மூடி, பேட்டரியை மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு முனகல். பிறகு திரையில் வெளிச்சம்.

"வந்துடுச்சிம்மா."

"ம். கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

சிதம்பரத்தில் இறங்கியதும் அச்செடுக்கும் கடைக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் கணினியை வாங்கியவுடன் மூக்கைச் சுளித்தாள். "என்னாக்கா, மீன் வாசன வருது?" என்றாள். "எங்க வூட்டு வாசன" என்றேன். அந்தக் கணினி இப்போது ஓடுவதில்லை. என் அலமாரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் இன்றும் லேசாகச் சங்கரா வாசனை வரும். இப்போது எனக்கு அலுவலகத்தில் கொடுத்திருக்கும் கணினிக்கு ஒரு வாசனையும் கிடையாது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஐஸ் பற்றிக் கேட்டார், உப்பு பற்றிக் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். பிறகு, "கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்குமே. அந்தக் காற்றில் எப்படிக் கருவாடு காய்கிறது?" என்றார்.

அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் நான் சொன்னேன். வெயிலில் போட்டால் மேல்பக்கம் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும் என்று சொன்னேன். நிழல், கீழும் மேலும் காற்று, திருப்பிப் போடுவது, காலையில் மேல்காற்றில் வெளியே வைத்து, கடல்காற்று திரும்பியதும் உள்ளே எடுப்பது, கடைசியில் முகர்ந்து பார்ப்பது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது அறிக்கையில இல்லையேம்மா?"

"இல்ல மேடம். இந்த ரெண்டு நாள்லதான் தெரிஞ்சிகிட்டேன்."

"யார் சொன்னாங்க?"

"எங்க அம்மா."

அவர் முதல் பக்கத்துக்குப் போனார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யார் கை?"

"அவுங்க கைதான் மேடம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பதற்றம் என்று நினைத்து அவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

முதல் பக்கம்

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அம்மா வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேர்வு எப்படி என்று கேட்டாள். நன்றாகச் செய்தேன் என்றேன். தேர்வு நடத்திய மேடம் கருவாட்டைப் பற்றிக் கேட்டார், நீ சொன்னதைச் சொன்னேன் என்றேன். "அதப் போயா கேட்டாங்க" என்று சிரித்தாள்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கணினியை மடியில் வைத்துத் திறந்தேன். முதல் பக்கத்தைக் கொண்டுவந்து அவள் பக்கம் திருப்பினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருந்தன.

"இது என் கையி இல்ல?"

"ஆமாம்மா."

"இந்த நெகம் அன்னிக்கித்தான் ஐஸு ஒடைக்கும்போது பிஞ்சிது." இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "இதையா காலேஜில காட்டுன?"

"இதத்தான் மொத பக்கத்துல வச்சிருக்கேன். எல்லாரும் இதப் பாத்துட்டுத்தான் உள்ள போவணும்."

நான் முந்தானைக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். பெட்டி கழுவிய ஈரத்தோடு சில்லென்று இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கணினியின் மேல் வைத்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல் அதற்கு முன் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் அங்கேயே வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையை நன்றாகப் பதித்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி அழுத்திப் பார்த்தாள்.

"சூடாவுதுடி இது" என்றாள்.

ஐஸ் பெட்டி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அம்மா ஒரு முறை அதைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் மூடியைக் கையில் எடுத்து, கணினிக்கு மெதுவாக விசிற ஆரம்பித்தாள்.